63 சென்ரிமீற்றருக்கு ஒரு வடு

நல்லூர்த் திருவிழாக் கடையொன்றில் வாங்கிய பிளாஸ்ரிக் மேசை விரிப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. புடைப்பாகப் பூவேலை செய்தது. அந்தப் பூக்களுக்கு நடுவே நகக்கீறல் போல ஒரு வடு. கொஞ்சம் தள்ளி அதே வடு, அப்புறம் இன்னும் தள்ளி மறுபடியும். அளவுநாடா பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 63 சென்ரிமீற்றர். அதை 22/7 ஆல் வகுத்தால் 20. அதாவது, பூவை அழுத்திய உருளையின் விட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர். வடு விரிப்பில் விழுந்ததல்ல, உருளையில் இருப்பது. உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அதுவும் ஒருமுறை பதிகிறது.

இத்தகைய விரிப்பைச் செய்யும் இயந்திரத்தின் முதற்பாதியை இடியப்ப உரல் பிடித்த கைகளுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் உரலில் மா முடிந்தால் நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும். இங்கே அழுத்தும் கட்டைக்குப் பதிலாக நீண்ட குழாய்க்குள் ஒரு திருகு சுழல்கிறது. பின்னால் பிளாஸ்ரிக் மணிகள் விழுந்துகொண்டே இருக்க, முன்னால் உருகிய குழம்பு வந்துகொண்டே இருக்கும். உருக்குவதற்கான சூட்டில் பெரும்பங்கு வெளியே சுற்றியிருக்கும் ஹீற்றரிலிருந்து வருவதில்லை. திருகு பிசைகிற பிசையலிலேயே பிறக்கிறது. பி.வி.சி. என்ற பிளாஸ்ரிக் வகையென்றால் 160 முதல் 190 பாகை செல்சியஸ் வரை. அதற்கு மேல் போனாலோ, உள்ளே நெடுநேரம் தங்கினாலோ, அது கருகி ஹைட்ரஜன் குளோரைட் வாயுவைக் கக்கும். அந்த வாயு இரும்பையே அரிக்கும்.

தட்டையான வாய்வழியே தகடாக வெளிவந்ததும் குழம்பு சற்றுப் புடைக்கும். நீண்ட மூலக்கூறுகள் இடுக்குக்குள் இழுபட்டவை. விட்டதும் பழையபடி சுருளப் பார்க்கின்றன. பிளாஸ்ரிக்குக்கு ஒருவகை ஞாபகம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். (தகட்டை உருளைகளுக்கிடையில் நசுக்கியும் எடுக்கலாம். றப்பருக்காக அமெரிக்கரான எட்வின் சாஃபி 1836இலேயே காப்புரிமை பெற்ற வழி அது.)

அடுத்தது இரண்டு உருளைகள். ஒன்று பூ செதுக்கிய உருக்கு, உள்ளே குளிர்ந்த நீர் ஓடும். மற்றது றப்பர் போர்த்தியது. இளஞ்சூட்டுத் தகடு இடையில் நுழைகிறது. றப்பர் அதைச் செதுக்கலின் பள்ளங்களுக்குள் தள்ள, உருக்கு அந்தக் கணமே ஆற்றிவிடுகிறது. தகடு அதிகம் சூடென்றால் உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஆறிப்போயிருந்தால் பூ ஆழமாகப் பதியாது. முழு வித்தையும் இந்த இடைப்பட்ட சூட்டைப் பிடிப்பதில்தான்.

சப்பாத்தில் பொருத்தும் ஒட்டுப்பட்டியின் கொக்கிகளை இதே முறையில் வார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய வட்டத் தட்டுகளை அடுக்கி உருளையாக்குகிறார்கள். தட்டுகளின் விளிம்பில் கொக்கி வடிவக் குழிகள். உருகிய பிளாஸ்ரிக் அவற்றுக்குள் புகுந்து ஆறுகிறது. ஆனால் வளைந்த கொக்கி நேரான வாய்வழியே எப்படி வெளியே வரும்? குழி திறப்பதே இல்லை. அப்படியே இழுப்பார்கள். கொக்கி நிமிர்ந்து வெளியே வந்து, மறுபடி வளைந்துகொள்ளும்!

எங்கள் விரிப்பில் பூவே இல்லாத ஒரு வட்டமும் உண்டு. யாரோ கொதிக்கும் சோற்றுப்பானையை அப்படியே இறக்கிவைத்த இடம். பானையின் பாரமும் நசுக்கியிருக்கும். ஆனாலும் பாதிச் சூட்டில் அழுத்தி உறைய வைத்த பூ மறுபடி சூடு கண்டால், மூலக்கூறுகளுக்குத் தட்டையாக இருந்த காலம் நினைவு வந்துவிடும். அந்த வட்டத்துக்குள் ஒரு வடுவும் இருந்திருக்க வேண்டும், கணக்குப்படி. அதையும் காணவில்லை.