நெருப்புக்குப் பயந்து கட்டிய வீடுகள்

லண்டனின் பெட்ஃபோர்டு சதுக்கத்தில், 1775 முதல் 1783 வரை கட்டிய செங்கல் வீடுகள் நான்கு பக்கமும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையின் நடுவிலும் தூண் வேலைப்பாட்டோடு வெள்ளைப் பூச்சு பூசிய பகுதி ஒன்று. மொத்த வரிசையும் ஒரே அரண்மனைபோலத் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மற்றபடி முகப்பில் ஆடம்பரம் குறைவு. இந்த அடக்கத்தைக் கட்டியவர்களின் ரசனை என்று புகழ்வார்கள். பாதிப் பெருமை நெருப்புக்குத்தான் சேரும்.

1666இல் லண்டன் பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டே, வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1707இல் கூரை விளிம்பின் மர வேலைப்பாட்டுக்குத் தடை. அதனால் முன்சுவரையே கூரைக்கு மேல் உயர்த்திக் கைப்பிடிச்சுவராக்கினார்கள். தெருவில் நிற்பவருக்குக் கூரை கண்ணில் படாமல் போனது. 1709இல் ஜன்னலின் மரச்சட்டத்தைச் சுவரின் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள். 1774 சட்டம் அதற்கும் மேலே போய், மரச்சட்டத்தின் பெரும்பகுதியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்க வைத்தது. ஜன்னலைச் சுற்றி மெல்லிய மரக்கோடு மட்டும் தெரிவது அதனால்தான்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில்தான் சூட்சுமம். வீட்டின் மதிப்பையும் பரப்பையும் வைத்து 1774 சட்டம் வீடுகளை வகை பிரித்து, எந்த வகைக்குச் சுவர் எவ்வளவு தடிமன் என்றும் சொன்னது. அந்தச் சுவர் கூரையைத் தாண்டி எழும்பும். ஒரு வீட்டுத் தீ அடுத்த கூரைக்குத் தாவாது. அடுப்புகளும் புகைபோக்கிகளும் அதிலேயே அடக்கம்.

வாசல் அலங்காரம் கல் இல்லை. எலினர் கோட் என்ற பெண்மணியின் லாம்பெத் தொழிற்சாலையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட மண்.

அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. முகப்புக்கு விலை கூடிய செங்கல், உள்ளே மட்டமானது. இரண்டையும் பிணைக்க, சில கற்களைச் சுவரின் குறுக்கே முழுசாக வைக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அவற்றைப் பாதியாக உடைத்து, தலைப்பக்கம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வெளித்தோல் உள்சுவரோடு சரியாகப் பிடிப்பில்லாமல் நிற்கும்; நாளடைவில் வயிறு தள்ளும். அதைச் சரிசெய்ய, இரும்புக் கம்பியை வீட்டுக்குள் செலுத்தி, வெளியே ஒரு தட்டு வைத்து முறுக்குவார்கள்.