படம் உடையாகாது

போன மாதம் ஒரு நாடகத்தின் இறுதி ஒத்திகைக்கு வெளிச்சம் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை நடுவில் ஒரு நடிகை உடையில்லாமல் நிற்கிறார். புரொஜெக்டரிலிருந்து அவர்மேல் காட்டுத்தீயின் படம் விழுகிறது. ஏழெட்டு நிமிடத்தில் லேப்டாப் நின்றுபோனது. தீ போய், சிக்னல் இல்லாத புரொஜெக்டரின் நீல வெளிச்சம் அவர் உடம்பு முழுக்க விழுந்தது. அங்கி ஒப்பனை அறையில் கிடந்தது. யாரோ ஒருவர் தன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார்.

“மேல படம் இருக்கும், ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க” என்றார் அந்த நடிகை. இதே வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

மேடையில் நிர்வாணம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தேவைப்படும் நாடகங்கள் உண்டு, அவற்றில் மனமுவந்து வேலை செய்திருக்கிறேன். என் கோபமெல்லாம் ‘படம் மூடிவிடும்’ என்ற அந்த ஒற்றைப் பொய்மேல்தான். புரொஜெக்டர் என்பது விளக்கு. விளக்கு எதையாவது மறைத்துப் பார்த்திருக்கிறீர்களா? படத்தில் கறுப்பாக இருக்கிற இடத்தில்கூட உடம்பு இருட்டாகாது. சாதாரண புரொஜெக்டரின் கறுப்பு உண்மையில் மங்கலான சாம்பல். லென்ஸ் வழியே கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம், உடம்பு தட்டையான திரையும் இல்லை. நடிகர் அரை அடி நகர்ந்தால், நெஞ்சுக்கென்று வரைந்த இலை தோளுக்குப் போய்விடும். மூச்சு விடும்போது வயிறு அசைவது போதும், கண் படத்தை விட்டு உடம்பைப் பார்க்கத் தொடங்கிவிடும். நெறியாளர் நடு இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்கிறார். பக்கவாட்டு இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பார்வையாளர் கையிலிருக்கும் போன் கேமராவோ மங்கிய வெளிச்சத்தையும் பகலாக்கிவிடும்.

1968-இல் பிரிட்டனில் நாடகத் தணிக்கை ஒழியும்வரை, மேடையில் நிர்வாணமாக இருப்பவர் சிலைபோல அசையாமல் நிற்க வேண்டும் என்பதே நடைமுறை. லண்டனின் விண்ட்மில் அரங்கம் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. பார்ப்பவரின் ஒழுக்கத்துக்காக வந்த விதி அது. அங்கே நிற்பவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி அப்போது எழவில்லை. இன்றும் நாம் கேட்கிறோமா?

இன்னொரு விஷயம் பதிவு. மேடையில் உடையில்லாமல் நிற்க ஒருவர் சம்மதிப்பது வேறு, அவர் உடம்பைப் படமெடுத்து ஆளுயரத்தைவிடப் பெரிதாகத் திரையில் போடுவது வேறு. மேடையில் நிற்பவர் நாளைக்கே “வேண்டாம்” என்று விலகலாம். கோப்பு விலகாது. படத்தை உடம்போடு பொருத்துவதற்காக ஒத்திகையில் எடுக்கும் படங்கள் யார் லேப்டாப்பில் இருக்கின்றன, எப்போது அழிப்பார்கள் என்று பெரும்பாலான குழுக்களில் யாருக்கும் தெரிவதில்லை. இது அலட்சியம். அமெரிக்க நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி, நிர்வாணக் காட்சியைப் படமெடுக்க எழுத்துமூல ஒப்புதல் கேட்கிறது. சங்கம் இல்லாத சின்னக் குழுவுக்கும் ஒரு தாளும் பேனாவும் கிடைக்கும். மேடைக்கு ஒன்று, படப்பதிவுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

போன்களை அரங்க வாசலிலேயே பையில் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். 2022-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கு ஒன்றில் அப்படிப் பூட்டியும், ஒரு நடிகரின் நிர்வாணக் காட்சி வெளியே வந்தது. இருக்கைகளைக் கவனிக்க ஆள் வேண்டும்.

ஒளிக்காட்சி செய்யும் தம்பி தங்கைகளுக்கு: சிக்னல் இல்லாவிட்டால் கறுப்புத்திரை வருமாறு புரொஜெக்டர் மெனுவில் மாற்றுங்கள், ஒரு நிமிட வேலை. லேப்டாப்பின் பின்னணிப் படமும் கறுப்பாக இருக்கட்டும். லென்ஸுக்கு முன்னால் கையால் மூடக்கூடிய ஷட்டர் ஒன்று வையுங்கள். அட்டையில் செய்தாலும் போதும், மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். நடிகரின் கண்ணுக்கு நேராக ஒளிக்கற்றையை வைக்காதீர்கள். அளவு பார்க்க நடிகரை மணிக்கணக்கில் நிற்கவைக்காதீர்கள், துணிக்கடைப் பொம்மை எதற்கு இருக்கிறது? அந்தக் காட்சியின் ஒத்திகையில் வேலை இல்லாதவர் யாரும் அரங்கில் இருக்கக் கூடாது, தயாரிப்பாளரின் நண்பரானாலும் சரி. பக்கத் திரைக்குப் பின்னால் அங்கியோடு ஒருவர் நிற்க வேண்டும், ஒவ்வொரு ஒத்திகையிலும்.

நடிக்க வரும் பிள்ளைகளே, ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சம்மதிக்கும் முன் உங்கள் இடத்தில் வேறொருவரை உடையோடு நிறுத்தி, அந்தப் படத்தை அவர்மேல் போடச் சொல்லுங்கள். நீங்கள் போய்ப் பார்வையாளர் இருக்கையில், ஓரத்தில், உட்கார்ந்து பாருங்கள். அதற்குத் தயங்குகிற குழு என்றால் சம்மதிக்காதீர்கள்.

அந்த நாடகம் அடுத்த வாரம் அரங்கேறியது. நடிகை கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒட்டிய வெள்ளை உடையில் நின்றார். தோல், படத்தின் நிறத்தை உள்வாங்கி மங்கச் செய்யும், வெள்ளைத் துணி அப்படியே திருப்பித் தரும். தீ முன்பைவிடத் தெளிவாக எரிந்தது. நெறியாளரே என்னிடம் வந்து, இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்றார்.