வெள்ளத்தில் நனைந்த கணினியும் அதற்குள் இருக்கும் கடிதங்களும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளைச் சூழ்ந்தது. அப்போது தரைத்தளத்தில் இருந்த பழைய மேசைக் கணினிகளும் நனைந்திருக்கும். கணினியை மாற்றிவிடலாம், உள்ளே சேர்ந்திருந்த மின்னஞ்சல்களுக்கு வேறு பிரதி இல்லாமல் போயிருக்கலாம். 2004-ல் ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வருவதற்கு முன்பு ஹாட்மெயில் தந்தது வெறும் 2 எம்பி. பலரும் பயன்படுத்திய பாப்-3 முறையோ, கடிதத்தை வீட்டுக் கணினியில் இறக்கியதும் வழக்கமாக சர்வரிலிருந்து அழித்துவிடும். வளைகுடாவுக்குப் போன மகன் பாளையங்கோட்டை வீட்டுக்கு எழுதியதும், பத்தமடைப் பாய்க்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்டரும் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும்.

நனைந்த டிஸ்குக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள். தரவு மீட்பில் பழகியவரிடம் அப்படியே கொடுங்கள். டிஸ்க் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் எஞ்சிய வேலையை நீங்களே செய்யலாம்.

தண்டர்பேர்டு போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் ஒரு மின்னஞ்சல் கோப்புறையை ஒரே எழுத்துக் கோப்பாக வைத்திருக்கின்றன. இதற்கு எம்பாக்ஸ் என்று பெயர். கடைக்காரர் பேரேட்டில் வரவை எழுதிக்கொண்டே போவதுபோல, புதிய கடிதம் கோப்பின் கடைசியில் சேரும். ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரி வந்தால் அங்கே அடுத்த கடிதம் ஆரம்பிக்கிறது. விண்டோஸில் இந்தக் கோப்புகள் ஆப்டேட்டா என்ற மறைவான கோப்புறைக்குள், தண்டர்பேர்டின் ப்ரொஃபைல்ஸ் பகுதியில் இருக்கும். பெயருக்குப் பின்னால் புள்ளியும் விரிவாக்கமும் இல்லாத ‘இன்பாக்ஸ்’தான் உண்மையான பெட்டி. அதே பெயரில் பக்கத்திலுள்ள எம்எஸ்எஃப் கோப்பு வெறும் அட்டவணை.

இது தெரியாததால் பலர் திணறுகிறார்கள். புதிய கணினியில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற இடத்தில் பெட்டிக் கோப்பை மட்டும் வேறு பெயரில் ஒட்டுங்கள். அட்டவணை வேண்டாம், திறந்ததும் மென்பொருள் பெட்டியை முதலிலிருந்து படித்துப் புதிய அட்டவணையைத் தானே எழுதிக்கொள்ளும். பென் டிரைவ் ஃபேட்-32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் கோப்பு அதில் ஏறாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். கடிதத்தை அழித்தாலும் அது உடனே கோப்பைவிட்டுப் போவதில்லை. ‘எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்’ என்ற வரியில் ஒரு எண் மாறுகிறது, அவ்வளவுதான். கோப்பைச் சுருக்கும் கட்டளை ஓடும்வரை கடிதம் முழுதாக உள்ளேயே கிடக்கும். ஒரு பிரதியில் அந்த எண்ணை நான்கு பூஜ்யங்களாக்கி, அட்டவணையை நீக்கிவிட்டுத் திறந்தால் கடிதம் திரும்பி வரும். ஆகவே பழைய பெட்டியை மீட்கும்போது சுருக்கும் கட்டளையைத் தொடவே தொடாதீர்கள்.

கோப்பை நோட்பேடில் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருளற்ற எழுத்துகள் தெரியலாம். கெட்டுப்போனது என்று எண்ணி வீசிவிடாதீர்கள். படங்களும் தமிழும் பெரும்பாலும் பேஸ்-64 முறையில் உள்ளே போகின்றன: மூன்று பைட்டுகள் நான்கு சாதாரணக் குறிகளாக மாறும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ‘க’ என்ற எழுத்துக்கு மூன்று பைட்டுகள். தனியாக நிற்கும் ‘க’ இந்த முறையில் 4, கே, 6, வி என்ற நான்கு குறிகளாகும். 3 எம்பி புகைப்படம் 4 எம்பிக்குச் சற்று மேலாக வீங்குவதும் இதனால்தான்.

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு எழுத்துக் கோப்பு அன்று, தரவுத்தளம். அதைத் திறக்க அவுட்லுக்கோ, அதைப் படிக்கத் தெரிந்த வேறு மென்பொருளோ வேண்டும். 2002 பதிப்புவரை அதன் உச்சவரம்பு 2 ஜிபி. அதைத் தொட்ட கோப்புகள் பழுதாகியிருக்கலாம்.

பெட்டி சரியாகத் திறந்தும் தமிழ் மட்டும் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், கடிதம், இன்று பொதுவாகப் பயன்படும் யுனிகோடுக்கு முந்திய திஸ்கி போன்ற குறியீட்டில் எழுதப்பட்டிருக்கலாம். எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. எந்த எண் எந்த எழுத்து என்ற கணக்குதான் வேறு. கடிதத்தின் உள்ளடக்கத்தை எடுத்து ஒரு குறியீட்டு மாற்றியில் இட்டால் தமிழாகிவிடும். மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். மாற்றியில் ஒரு கொம்போ காலோ பிசகினால், சரிபார்க்க அது வேண்டும்.