உப்பளத்துக்கு அடியில் எரிவாயுக் கிடங்கு வராது

மரக்காணத்தில் எரிவாயுக் கிடங்கு வரப்போகிறதாமே, உப்பளத்தை ஒட்டி இப்போதே நிலம் வாங்கிப் போடலாமா என்று கேட்டுக்கொண்டு, தரகர் கொடுத்த வரைபட நகலோடு கடந்த வாரமும் ஒருவர் கடலூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். உப்பளத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. ஆழம், படிவத்தின் தடிமன் என்று ஓர் எண்கூட இல்லை. நிலத்தடி ஆய்வில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால், முன்பணம் கொடுத்துவிட்டே கேட்க வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

உப்பளத்தில் விளைவது, வெயிலில் நீர் வற்றிப் பாத்தியில் படியும் உப்பு. ஐப்பசியில் மழை கொட்டினால் வாராமல் விட்டதெல்லாம் கரைந்துபோகும். நிலத்தடி உப்புப் பாறைக்குள் வெற்றிடம் குடைந்து அதில் எரிவாயுவைத் தேக்குவது உண்டு; இந்தப் பேச்சு கிளம்புவது அதனால்தான். அதற்குத் தேவைப்படும் உப்போ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்து, பல நூறு மீட்டர் ஆழத்தில் புதைந்து, பாறையாக இறுகியது. மேலே உப்பு விளைவதற்கும் கீழே உப்புப் பாறை இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அத்தகைய தடித்த படிவங்கள் ராஜஸ்தானில் பிகானேர், நாகௌர் பக்கம் இருக்கின்றன. நம் பக்கத்து நிலத்தடிப் பாறை அடுக்கான கடலூர் மணற்கல்லில் இருப்பது நன்னீர், அதுவும் அழுத்தத்தோடு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்கே அதை ஓயாமல் இறைக்க வேண்டியிருக்கிறது. (விசாகப்பட்டினத்திலும் மங்களூருவிலும் கச்சா எண்ணெய்க்குக் குகைகள் இல்லையா என்று மடக்குவார்கள். அவை கடினப் பாறையில் குடைந்தவை.)

உப்புப் பாறை இருந்துவிட்டால் மட்டும் போதாது. நீரைச் செலுத்தி உப்பைக் கரைத்துத்தான் குடைவை உண்டாக்குகிறார்கள். ஒரு கன மீட்டர் இடத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கன மீட்டர் நீர் வேண்டும், அது உவர்நீராகத் திரும்பி வந்ததும் கொட்ட இடமும் வேண்டும். ஆழம் மிஞ்சினால் உப்பு மெல்ல நகர்ந்து குடைவைச் சுருக்கும்; அமெரிக்காவின் எமினென்ஸில் 1970-இல் அமைத்த குடைவு இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 40 சதவீதக் கொள்ளளவை இழந்தது. உப்புக் குவிமாடத்தின் (அடியிலிருந்து குவிமாடம்போல் மேலெழுந்த உப்புத் திரள்) ஓரத்தை நெருங்கிக் கரைத்ததால் 2012-இல் லூசியானாவின் பாயூ கார்னில் குடைவின் பக்கச்சுவர் சரிந்து, மேலே நிலமே உள்வாங்கியது.

குடைவுக்கு இறங்கும் பழைய கிணறுகளையும் சுற்றிலும் கைவிட்டவற்றையும் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 2001 ஜனவரியில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து ஹட்சின்சன் அருகே இருந்த எரிவாயுக் கிடங்கில் உப்புப் பாறை ஒழுகவில்லை; பழைய கிணறு ஒன்றின் உறைக்குழாய் சேதமடைந்து, அதன் வழியே கசிந்த வாயு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் வெடித்து இருவரைக் கொன்றது.

ஆகவே கிடங்கு வருகிறது என்பவரிடம் ஆழ்துளைப் பதிவேட்டைக் (துளையிட்டபோது எந்த ஆழத்தில் என்ன பாறை வந்தது என்ற குறிப்பு) கேளுங்கள். உப்புப் படிவம் எத்தனை மீட்டரில் தொடங்குகிறது, எத்தனை மீட்டர் தடிமன், நன்னீர் எங்கிருந்து, உவர்நீர் எங்கே போகும், சுற்றிலும் கைவிட்ட கிணறுகள் எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லாதவரிடம் தயவுசெய்து ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.