உய்த்தறிதல்: ‘டிடக்‌ஷன்’ என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

தினமும் ஒரு லாஜிக் புதிர் போடுகிறவரிடம், “இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில்: “சும்மா யூகிச்சேன், சரியா வந்துடுச்சு.” எனக்கு இந்தப் பதில் ஒவ்வொரு முறையும் மனத்தை உறுத்தும். அவர் யூகிக்கவே இல்லை. கால் மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு குறிப்பையும் இன்னொன்றோடு ஒட்டிப் பார்த்து, ஆகாதவற்றை அடித்துத் தள்ளி, கடைசியில் வேறு வழியே இல்லாத ஒரு விடையில் வந்து நின்றிருக்கிறார். அவ்வளவு வேலையும் செய்துவிட்டு, அதற்குப் பெயர் தெரியாததால் ‘யூகம்’ என்று சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தில் அதை ‘டிடக்‌ஷன்’ என்பார்கள். தமிழில் அது உய்த்தறிதல்.

முதலில் ஆங்கிலச் சொல். ‘டிடக்‌ஷன்’ இலத்தீன் மொழியின் ‘டேடூகரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘டே’ என்றால் கீழே, அப்பால். ‘டூகரே’ என்றால் நடத்திச் செல்லுதல். ஓரிடத்திலிருந்து ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அடிப்பொருள். அதிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு கிளை பிரிந்தது. தெரிந்த உண்மைகளிலிருந்து தெரியாத உண்மைக்கு மனத்தை நடத்திச் செல்வது ஒன்று. மொத்தத்திலிருந்து ஒரு பகுதியை அப்புறப்படுத்துவது மற்றொன்று. சம்பளச் சீட்டில் ‘டிடக்‌ஷன்’ என்று அச்சாகியிருப்பது இந்த இரண்டாவது. அதற்கு நம்மிடம் ‘பிடித்தம்’ இருக்கிறது, ‘கழிவு’ இருக்கிறது. அகராதியைப் புரட்டி அவசரமாக மொழிபெயர்ப்பவர்கள் ‘டிடக்‌ஷன் புதிர்’ என்பதைக் ‘கழித்தல் புதிர்’ ஆக்கிவிடுவது இந்தக் குழப்பத்தால்தான்.

இப்போது தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘உய்’ என்ற வேர் இரண்டு விதமாக வினையாகும். உய்ந்தான் என்றால் பிழைத்தான், தப்பினான். உய்த்தான் என்றால் செலுத்தினான், நடத்தினான், கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு: உய்ந்து, உய்த்து. முதலாவது தானே நிகழ்வது, இரண்டாவது ஒருவர் நிகழ்த்துவது. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆக, உய்த்து அறிதல் என்றால் அறிவைச் செலுத்தி அறிதல். இலத்தீன்காரர் ‘நடத்திச் செல்லுதல்’ என்ற உருவகத்தில் கண்ட அதே செயலை, அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், தமிழும் ‘செலுத்துதல்’ என்ற உருவகத்திலேயே கண்டிருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

இந்த ‘உய்’ அறிவோடு சேர்ந்து நிற்கும் மிக அழகான இடம் 422ஆம் குறள்:

சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ
நன்றின்பால் உய்ப்பது அறிவு.

மனம் போன போக்கில் போகவிடாமல், தீயதை விலக்கி, நல்லதன் பக்கம் செலுத்துவதே அறிவு என்கிறார் வள்ளுவர். அவர் பேசுவது ஒழுக்கத்தைப் பற்றி. புதிரைப் பற்றி அல்ல. ஆனாலும் அந்த மூன்று அசைவுகளைப் பாருங்கள்: தாவுகிற மனத்தை நிறுத்துவது, ஆகாததை ஒருவுவது, எஞ்சியதன் பக்கம் உய்ப்பது. புதிர் போடும்போது மூளை செய்கிற வேலையும் இதே வரிசையில்தான் நடக்கிறது.

நூல்களில் ‘உய்த்துணர்தல்’ என்ற வடிவமே மிகுதி. தொல்காப்பிய மரபியல், நூல் எழுதுவதற்கான 32 உத்திகளைச் சொல்லும்போது ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ என்பதில் கொண்டுபோய் முடிக்கிறது. நன்னூலின் 32 உத்திகளில் கடைசியும் ‘உய்த்துணர வைப்பு’. ஆசிரியர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லாமல், சொன்னதைக் கொண்டு சொல்லாததைப் படிப்பவர் தாமே கண்டுகொள்ளும்படி விடுவது அது. உரையாசிரியர்கள் ‘உய்த்துணர்ந்து கொள்க’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். அந்த இடத்தில் நம் வேலை தொடங்கும். பிறகு ஏன் நான் ‘உணர்தல்’ என்பதை விட்டு ‘அறிதல்’ என்கிறேன்? இன்றைய பேச்சில் உணர்தல் என்றால் உள்ளுணர்வு, உணர்ச்சி என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. ‘ஏதோ தப்பு என்று உணர்ந்தேன்’ என்றால் காரணம் கேட்க மாட்டோம். ‘அறிந்தேன்’ என்றால் கேட்போம். காரணம் காட்ட வேண்டிய செயலுக்கு அறிதலே பொருத்தம்.

வேறு சொற்களும் போட்டிக்கு நிற்கின்றன. ‘அனுமானம்’ வடமொழித் தருக்க நூல்களில் மிகக் கறாரான சொல். மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று முடிவு செய்வது அது. ஆனால் தமிழ்ப் பேச்சில் ‘ஒரு அனுமானமாச் சொன்னேன்’ என்றால் உறுதியில்லாமல் சொன்னேன் என்றுதான் பொருள். ‘யூகம்’ பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். ‘கருதல்’ பழந்தமிழில் அனுமானத்துக்கு நேரான கலைச்சொல்லாக இருந்தது. இன்று ‘நான் கருதுகிறேன்’ என்றால் அது வெறும் அபிப்பிராயம். ஆசிரியர் பயிற்சி நூல்களில் வரும் ‘விதிவிளக்க முறை’ கற்பித்தலுக்குச் சரி. புதிருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் வாயில் அது ஒட்டாது. கணக்குப் பாடநூலில் ‘கணிதத் தொகுத்தறிதல்’ என்று ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் ‘இண்டக்‌ஷன்’ என்பார்கள். அதற்கு அருகில் வைத்துப் பார்த்தால் உய்த்தறிதல் என்ற அமைப்பு இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

தொகுத்தறிதலுக்கும் உய்த்தறிதலுக்கும் உள்ள வேறுபாட்டைப் புதிர்மொழியிலேயே சொல்லலாம். ‘நேற்று மூலையில் நின்றவர் குற்றவாளி, முந்தாநாளும் அப்படித்தான், ஆகவே இன்றும் அவர்தான்’ என்று நினைத்தால் அது பொதுப்பேச்சுப் பொருளில் தொகுத்தறிதல். நாளைக்கே பொய்த்துப் போகலாம். துப்பறியும் கதைகளில் வருகிற ‘டிடக்‌ஷன்’ கூடப் பல நேரம் அசல் உய்த்தறிதல் அல்ல. செருப்பு ஈரமாக இருந்தால் மழையில் வந்திருப்பார் என்பது நல்ல ஊகம். ஆனால் அவர் குழாயடியில் கால் கழுவிவிட்டும் வந்திருக்கலாம். உய்த்தறிதலில் இந்த ‘இருக்கலாம்’ இல்லை. கொடுத்தவை உண்மையென்றால் முடிவும் உண்மை. தப்பவே வழி கிடையாது.

ஒரு சின்னப் புதிரை எடுத்துச் செய்து பார்ப்போம். அகிலா, பரணி, செழியன், தேன்மொழி, எழில் என்று ஐந்து பேர் இடமிருந்து வலமாக வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் குற்றவாளி அல்லது நிரபராதி. குறிப்புகள் நான்கு. குற்றவாளிகள் மொத்தம் மூவர். செழியனுக்கு இருபுறமும் அடுத்து நிற்பவர்களில் ஒருவர் மட்டுமே குற்றவாளி. இரு முனைகளிலும் நிற்பவர்கள் ஒரே வகையினர். எழில் குற்றவாளி என்றால் தேன்மொழி நிரபராதி.

எங்கே தொடங்குவது? நான்காவது குறிப்புதான் பெயர் சொல்லிக் குற்றவாளி, நிரபராதி என்று பேசுகிறது, கை தானாக அதன்மேல் போகும். ஆனால் எழில் யாரென்று தெரியாதவரை அதற்கு வேலை இல்லை. அதை அப்படியே தூங்கவிடுங்கள். இரண்டாவது குறிப்பு பரணி, தேன்மொழி இருவரில் ஒருவர் குற்றவாளி என்கிறது. யார் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, எண்ணிக்கை கிடைத்துவிட்டதே! மொத்தம் மூவரில் ஒருவர் இந்த இருவரிடையே அடங்கிவிட்டார். ஆக மீதி இரண்டு குற்றவாளிகள் அகிலா, செழியன், எழில் மூவரிடையே இருந்தாக வேண்டும்.

இப்போது மூன்றாவது குறிப்பு. அகிலாவும் எழிலும் ஒரே வகை. இருவரும் நிரபராதிகள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த மூவரில் செழியன் ஒருவர்தான் மிச்சம். இரண்டு குற்றவாளிகளுக்கு இடம் எங்கே? இல்லை. எனவே அந்த நிலை உடைந்துபோகிறது. அகிலா குற்றவாளி, எழில் குற்றவாளி. இரண்டு இடமும் நிரம்பியதால் செழியன் நிரபராதி.

இங்கே சற்று நிற்க வேண்டும். ‘என்றே வைத்துக்கொள்வோம்’ என்றது யூகம் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. யூகிப்பவர் அது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் வைப்பார். நாம் வைத்தது அதை உடைத்துக் காட்ட. இதற்குத் தொல்காப்பியர் உத்திகளில் ஒரு பெயரே இருக்கிறது: ‘மறுதலை சிதைத்துத் தன் துணிபு உரைத்தல்’. எதிர்த்தரப்பைச் சிதைத்தால் நம் துணிபு தானே நிலைக்கும்.

எழில் குற்றவாளி என்று தெரிந்த அந்தக் கணத்தில், தூங்கிக்கொண்டிருந்த நான்காவது குறிப்பு விழித்துக்கொள்கிறது. தேன்மொழி நிரபராதி. இனி இரண்டாவது குறிப்புக்குத் திரும்பினால், இருவரில் ஒருவர் குற்றவாளி, அது தேன்மொழி இல்லை, ஆகவே பரணி. குற்றவாளிகள் அகிலா, பரணி, எழில். நான்கு குறிப்பையும் திரும்ப வைத்துப் பாருங்கள், நான்கும் பொருந்தும். வேறு எந்த விடையும் பொருந்தாது.

கடைசியில் பரணியைப் பிடித்தோமே, அந்த அசைவுக்கு ஆங்கிலத்தில் ‘எலிமினேஷன்’ என்கிறார்கள். நாமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதற்குத் தமிழில் தனிச்சொல் உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி, உண்மையை அறியும் வழிகளை அளவைகள் என்று பெயரிட்டு வரிசையாகச் சொல்கிறான்: காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘மீட்சி’ என்று ஒன்று வருகிறது. அதற்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டு, இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றான் என்று கொள்வது. போரில் இருவர், ஒருவர் வென்றார், மற்றவரைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பரணியும் தேன்மொழியும் நின்ற நிலை அச்சு அசல் இதுதான். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் அளவைகளை எண்ணும்போது இதையே ‘ஒழிபு’ என்கிறார். வடமொழியில் இதற்குப் ‘பாரிசேடம்’ என்று பெயர். எஞ்சி நிற்பது என்பது பொருள்.

மீட்சி என்ற சொல்லை இன்று எடுத்தாள்வது கடினம். மீட்பு, மீண்டு வருதல் என்ற பொருளே காதில் விழும். ‘ஒழிபு’ அப்படியில்லை. ஒழிதல் என்றால் நீங்குதல். ‘அது ஒழிந்த மற்றவை’ என்கிறபோது எஞ்சுதலும் அதிலேயே தொனிக்கிறது. நீக்கியதையும் எஞ்சியதையும் ஒரே சொல் காட்டுகிறது. ‘நான்காவது கட்டத்தை ஒழிபால் கண்டுபிடித்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வாரம் சொன்னால் வாய்க்குப் பழகிவிடும்.

இன்னொரு தொல்காப்பிய உத்தியும் புதிர்க்காரர்களுக்கு நெருக்கமானது: ‘வந்தது கொண்டு வாராதது உணர்த்தல்’. சுடோகுவை நினைத்துக்கொள்ளுங்கள். 81 கட்டம். அதில் சிலவற்றில் மட்டும் எண் வந்திருக்கும். ஒரே விடை கொண்ட சுடோகுவுக்குக் குறைந்தது எத்தனை எண் வேண்டும் என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 17 வேண்டும், 16 போதாது என்று 2012இல் கணிதவியலாளர் கேரி மெக்குவைர் குழுவினர் கணினியால் எல்லா வாய்ப்பையும் அலசிக் காட்டினார்கள். வந்தது 17, வாராதது 64. அந்த 64 எண்களும் 17 எண்களுக்குள்ளேயே மறைந்து நிற்கின்றன. உய்த்தறிதல் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. கொடுத்ததற்குள் இருப்பதையே வெளியே கொணர்கிறது. நல்ல புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று புதிர் அமைப்பவர்கள் பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான். இரண்டு விடை இருந்தால் ஏதோ ஓரிடத்தில் நாம் யூகித்தே தீர வேண்டியிருக்கும்.

‘க்ளூ’ பற்றியும் ஒரு வார்த்தை. அது முதலில் நூலுருண்டையைக் குறித்த ஆங்கிலச் சொல். கிரேக்கக் கதையில் தீசியஸ் சிக்குவழிகள் நிறைந்த மாளிகைக்குள் போகும்போது அரியாட்னி கொடுத்த நூலுருண்டையைப் பிரித்துக்கொண்டே போய், அதைப் பிடித்தே வெளியேறினான். அதனால் வழிகாட்டும் எதுவும் க்ளூ ஆயிற்று. தமிழில் ‘துப்பு’ இருக்கிறது, துப்புத் துலங்கியது என்கிறோம். ஆனால் துப்பு தேடிப் பிடிக்க வேண்டியது. புதிரில் எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே புதிருக்குக் ‘குறிப்பு’ போதும், துப்பைக் கதைக்கு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

‘டெய்லி பஸில்’ என்பதை நாட்காட்டி, நாட்குறிப்பு வழியில் ‘நாட்புதிர்’ எனலாம். ள் இங்கே ட் ஆகும். புதிரின் வகையைச் சொல்ல வேண்டுமானால் ‘உய்த்தறிபுதிர்’. நடுவே ‘ப்’ போடாதீர்கள். உய்த்து அறிந்த, அறிகின்ற, அறியும் புதிர் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. வளர்பிறையில் ஒற்று மிகாதது போலவே இதிலும் மிகாது.