உப்புக்காற்றில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்: சாலிட் பாடியா, செமி ஹாலோவா?

சென்ற ஐப்பசி மழைக்குச் சில நாட்கள் முன்பு, தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி புதிதாக வந்த கிட்டாரை அட்டைப்பெட்டியோடு என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர். கடலுக்குப் போய் வந்த கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, இணையத்தில் படம் பார்த்து அதை வாங்கியிருந்தார். "அண்ணே, செமி அக்கவுஸ்டிக்குன்னு போட்டிருந்துச்சு. கரண்டு போனாலும் சும்மா வாசிக்கலாம்னு நெனச்சேன். பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்க மாட்டேங்குது" என்றார். கிட்டாரில் எந்தக் குறையும் இல்லை. வாங்கியவர் நினைத்த பொருளும் விற்றவர் சொன்ன பொருளும் வேறு வேறாக இருந்தன, அவ்வளவுதான்.

இராமநாதபுரத்தில் இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வரும் இந்த 18 ஆண்டுகளில் இதே குழப்பத்தைப் பலமுறை பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர்க் கடைகளில் 'செமி அக்கவுஸ்டிக்' என்று கேட்டால், சாதாரண அக்கவுஸ்டிக் கிட்டாரில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப்பைப் பொருத்தி, பக்கவாட்டில் ஒரு சிறு ஈக்வலைசர் பெட்டியை வைத்த கருவியை எடுத்துக் காட்டுவார்கள். அது மின்சாரம் இல்லாமலும் கூடம் நிறைய ஒலிக்கும். தம்பி வாங்கி வந்த செமி ஹாலோ என்பதோ முழுக்க எலெக்ட்ரிக் கிட்டார். அதையும் சிலர் செமி அக்கவுஸ்டிக் என்றே எழுதிவிடுவதால், பணம் கட்டுவதற்கு முன் பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதே பாதுகாப்பு.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை நமக்குத் தெரிந்த கருவியிலிருந்து சொல்கிறேன். வீணையின் குடத்தைக் குடைந்து வெறுமையாக்குவது, அந்த வெறுமையில் காற்று அதிர்ந்து ஒலி பெருக வேண்டும் என்பதற்காக. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அந்தத் தேவை இல்லை. காந்தத்தின் மீது மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியதே அதன் பிக்கப்; எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆகவே சாலிட் பாடியில் உடல் முழுவதும் கட்டையாகவே இருக்கும். பிக்கப்புக்கும் வயர்களுக்கும் மட்டும் குழி வெட்டியிருப்பார்கள். செமி ஹாலோவில் இரு பக்கமும் குடைந்த கூடு, அதன் மேல் வயலினில் இருப்பதைப் போன்ற இரண்டு எஃப் துளைகள், நடுவில் கழுத்திலிருந்து அடிவரை ஓடும் ஒரு திண்ணிய கட்டை என்று மூன்றும் சேர்ந்திருக்கும். அந்த நடுக்கட்டைதான் விஷயமே.

ஏன் நடுக்கட்டை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில், உடல் முழுவதும் வெறுமையாக இருக்கும் ஹாலோ கிட்டாரின் மேல் பிக்கப்பை வைத்து வாசித்தவர்கள், சத்தத்தைக் கூட்டக் கூட்ட ஸ்பீக்கரின் ஒலி திரும்ப வந்து கிட்டாரின் மேற்பலகையை அதிரவைத்து ஊளையிடுவதைக் கண்டார்கள். இதைத்தான் ஃபீட்பேக் என்கிறோம். 1940 வாக்கில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர், நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் தந்திகளையும் பிக்கப்பையும் பொருத்தினார். பார்ப்பதற்குக் கிட்டாராகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்து அந்தக் கட்டையின் இருபுறமும் சிறகுபோல மாட்டினார். 1950இல் ஃபெண்டர் நிறுவனம் முழுக்கட்டைக் கிட்டாரைப் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1952இல் கிப்சன் நிறுவனம் லெஸ் பாலின் பெயரிலேயே ஒன்றை வெளியிட்டது. இவற்றுக்கெல்லாம் பின்னர், 1958இல்தான் கிப்சனின் செமி ஹாலோவான இஎஸ் 335 வந்தது. செமி ஹாலோ என்றால் சாலிட் பாடிக்கு முந்தைய பழைய வகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சாலிட் பாடியின் திடத்தைப் பார்த்த பிறகு, ஹாலோ கிட்டாரின் இளகிய குரலையும் விட்டுவிட மனமில்லாமல் செய்த கருவி அது.

நடுக்கட்டை இருப்பதால் செமி ஹாலோ ஊளையிடாது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. முழு ஹாலோவை விடக் குறைவாக ஊளையிடும் என்பதே சரி. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி.கிங் போன்ற மேதையே தம் கிட்டாரின் எஃப் துளைகளுக்குள் துணியைத் திணித்து மேடையேறியவர். 1980இல் கிப்சன் அவருக்கென்று லூசில் என்ற மாடலை வெளியிட்டபோது எஃப் துளைகளே இல்லாமல்தான் செய்தது. அவர் வாசித்த மேடைகளின் ஒலியமைப்பை நம் திருவிழா மேடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே முளைப்பாரித் திருவிழாவானாலும் ஆலயத் திருவிழாவின் இன்னிசைக் கச்சேரியானாலும், மைக் செட்காரர் இடம் போதாமல் பெரிய ஸ்பீக்கர்களை மேடையின் ஓரத்திலேயே அடுக்கிவிடுவார். கிட்டார்காரர் அதற்கு ஆறடி தூரத்தில் நிற்பார். கீபோர்டும் ரிதம் பேடும் உச்சத்தில் போகும்போது தம் ஒலியும் கேட்க வேண்டும் என்று வால்யூமைத் திருகுவார். அந்த நொடியில் செமி ஹாலோ அடித்தொண்டையில் ஊமென்று தொடங்கி, பாட்டையே விழுங்கிவிடும். ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில் விலகி நிற்பதும், பேஸைக் குறைப்பதும், எஃப் துளைகளை ஸ்பாஞ்சால் அடைப்பதும் ஓரளவு கைகொடுக்கும். சாலிட் பாடியும் ஊளையிடக்கூடியதுதான். ஆனால் அதற்குச் செமி ஹாலோவைவிட மிகுந்த சத்தமோ, ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனோ வேண்டும்.

இங்கே இன்னொரு தொல்லையைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி என்னிடம் வருபவர்கள் அதிகம். ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் பக்கத்தில் இருக்கும்போது, யாரும் வாசிக்காமலே கேட்கும் அந்த 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஃபீட்பேக் அன்று. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பிக்கப்பின் சுருளில் தூண்டும் ஒலி. ஒற்றைச் சுருள் பிக்கப் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைக் கொண்ட ஹம்பக்கர் அதைப் பெரும்பாலும் கழித்துவிடும். செமி ஹாலோக்களில் பெரும்பாலும் ஹம்பக்கர் இருப்பதால், அமைதிக்குக் காரணம் உடல் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஹம்பக்கர் வைத்த சாலிட் பாடி அதே அமைதியைத் தரும். அதேபோல, தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருப்பதால், மேடையில் எர்த் சரியில்லை என்றால் கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டவுடன் ஷாக் அடிக்கும். இது எந்த வகைக் கிட்டாருக்கும் பொருந்தும்; உயிர்ப் பிரச்சினை என்பதால், பிளக்கின் மூன்றாவது பின்னை யாரும் ஒடித்துவிட்டு மாட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேடையை விடவும் நம் கடற்கரை கிட்டாருக்குச் செய்யும் கேடு பெரிது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை ஓயாமல் தின்ற அதே காற்றுதான், மண்டபத்திலும் தேவிப்பட்டினத்திலும் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கிட்டாரையும் தொடுகிறது. கடல் உப்பு வெறும் சமையல் உப்பு அன்று. சமையல் உப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல்தான் கசியத் தொடங்கும். ஆனால் வாலிநோக்கம் உப்பளப் பாத்திகளில் உப்பை வாரிய பிறகு எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, 33 விழுக்காட்டிலேயே காற்றின் நீரை இழுத்துக்கொள்ளும். அது தந்தியின் மீது படிந்துவிட்டால், நாம் வறண்ட நாள் என்று நினைக்கும் நாளிலும் எஃகு ஈரமாகவே இருக்கும். அதனால்தான் மதுரையில் இரண்டு மாதம் உழைக்கும் தந்தி, பாம்பனில் மூன்றே வாரத்தில் சொரசொரத்துப் போவதை என் கடைக்கு வரும் கருவிகளில் பார்க்கிறேன். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் செம்பு கலந்திருப்பதால் பச்சைக் களிம்பு ஏறும். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற சாலிட் பாடி வகையின் பிரிட்ஜில் உயரம் சரிசெய்வதற்கு மட்டும் 12 சிறு திருகாணிகள் உண்டு. அவை துருப்பிடித்து இறுகிவிட்டால், தந்தியின் உயரத்தை மாற்ற வழியே இல்லாமல் பிரிட்ஜையே கழற்றி மாற்ற வேண்டியிருக்கும்.

இந்தக் கேட்டில் இரண்டு வகைகளும் ஒன்றாகவே பாதிக்கப்பட்டாலும், சரிசெய்யும் உழைப்பு ஒன்றல்ல. சாலிட் பாடியில் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் (pot) என்ற பாகம் கரகரத்தால், பின்மூடியையோ முன்தகட்டையோ கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஆம்ப்ளிஃபயர் வயரைச் செருகும் ஜாக்கில் துரு ஏறியிருந்தால் அதையும் மாற்றி அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுவேன். செமி ஹாலோவில் பெரும்பாலும் மூடி எதுவும் இருக்காது. ஒவ்வொரு 'பாட்'டிலும் ஒரு நூலைக் கட்டி, அதை உடலுக்குள் இறக்கி, எஃப் துளை வழியாக மொத்த வயரிங்கையும் வெளியே இழுத்து, வேலை முடிந்ததும் அந்த நூல்களைப் பிடித்தே ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பொறுமையாகச் செய்தால் அரை நாள் ஆகும். அவசரப்பட்டால் எஃப் துளையின் விளிம்பு பெயர்ந்துவிடும். எஃப் துளைகள் திறந்தே இருப்பதால் உப்புக்காற்று நேராக அந்த வயரிங்கின் மேலேயே போய் உட்காரும். மரத்தைப் பற்றி மட்டும் அதிகம் அஞ்ச வேண்டாம்; செமி ஹாலோவின் மேற்பலகையும் அடிப்பலகையும் பொதுவாக மேப்பிள் ஒட்டுப்பலகையால் செய்யப்படுவதால், ஒற்றைப் பலகை வைத்த நல்ல அக்கவுஸ்டிக் கிட்டாரைப் போல ஈரத்தில் உப்பித் தொல்லை தருவது குறைவு.

குரலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் செமி ஹாலோவுக்கு அநியாயம் செய்தவனாவேன். டிஸ்டார்ஷன் இல்லாமல், நடுத்தர ஒலியில், பாடகர்களின் குரலுக்குப் பின்னால் ஒரு கார்டை (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்களை) மெல்ல வருடிவிடும்போது அதிலிருந்து வரும் காற்றோட்டமான இழைவை நான் மிகவும் விரும்புகிறேன். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் டோனைச் சற்றுக் குறைத்து வாசித்தால், ஆலயத்துக்குள் ஆர்மோனியத்தோடும் கீபோர்டோடும் மோதாமல் தனக்கென்று ஓர் இடம் பிடித்து உட்காரும். சாலிட் பாடியில் தந்தியின் ஆற்றலை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்வதால் சுரம் நெடுநேரம் நிற்கும். தனி வாசிப்புக்கும், வேகமான சினிமாப் பாடல்களின் கூர்மையான ரிதமுக்கும் அதுவே ஏற்றது. ஆயினும் ஒலியில் முதற்பங்கு பிக்கப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும்தான் என்பது என் அனுபவம். நல்ல கிட்டாரை மட்டமான ஆம்ப்ளிஃபயரில் மாட்டிவிட்டு, உடலின் குரலைப் பற்றி வாதிடுவதில் பயன் இல்லை.

உடல் அளவையும் கவனியுங்கள். 335 வகையின் அகலம் ஏறத்தாழ 16 அங்குலம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கும். லெஸ் பால் வகை சிறியதாகத் தெரிந்தாலும் நான்கு கிலோவுக்கு மேல் கனப்பவை உண்டு. இரவு முழுவதும் நின்று வாசிப்பவர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என்னிடம் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் எது வாங்கலாம் என்று கேட்கும் கடலோரப் பிள்ளைகளுக்கு, பிரிட்ஜ் பக்கத்தில் ஹம்பக்கரும் அசையாத பிரிட்ஜும் உள்ள சாலிட் பாடியையே சொல்கிறேன். திருவிழா மேடையில் எளிதில் ஊளையிடாது. கெட்டுப்போனால் உள்ளூரிலேயே சரிசெய்யலாம். அதே விலைக்கு வரும் செமி ஹாலோவில் உடல் செய்யும் செலவை ஈடுகட்ட 'பாட்'டிலும் சுவிட்சிலும் மிச்சம் பிடித்திருப்பார்கள். பெரும்பாலும் வீட்டிலும் ஆலயத்திலும் வாசிப்பவர், இரண்டாவது கிட்டாராக வாங்குபவர், பராமரிப்புக்குப் பணமும் பொறுமையும் உள்ளவர் ஆகியோர் செமி ஹாலோவைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது எஃப் துளைக்குள் டார்ச் அடித்து, ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். இரு துளைகளுக்கும் இடையே கட்டை சுவர்போல நிற்க வேண்டும். எபிஃபோன் கசினோ போன்றவை படத்தில் 335 போலவே இருக்கும். அவற்றுக்குள் நடுக்கட்டை கிடையாது, அவை முழு ஹாலோ. பிறகு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, நீங்கள் மேடையில் வைக்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தபடி தந்திகளைத் தொடாமல் சற்று நேரம் நின்று, ஊளையிடுகிறதா என்று கேளுங்கள். வாங்கி வந்த பிறகு, வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்திகளை அடியிலும் மேலும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட உறைக்குள் வையுங்கள். கடலைப் பார்த்த சன்னலருகே மாட்டி வைக்காதீர்கள்.

தங்கச்சிமடத்துத் தம்பி அந்தக் கிட்டாரைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆலயத்துக்கே போய், பாடகர் குழுவோடு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த இடத்துக்கும் அவருடைய கைக்கும் அது நன்றாகவே பொருந்தியது. திருவிழா இரவுகளுக்காக எஃப் துளைகளின் வடிவத்தில் இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகளை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்து வந்தபோது பார்த்தேன். ஜாக்கின் உள்வளையத்தில் துரு தொடங்கிவிட்டது. அடுத்த முறை வரும்போது மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், காலையிலேயே வந்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். அந்த வேலைக்கு அரை நாள் வேண்டும்.