சூதாடுவது பாவமா என்று கேட்கிறவர்களுக்கு

"இது வியாதியா, திமிரா டாக்டர்?" சூதாட்டத்தில் பணத்தை விட்டவரை அழைத்துக்கொண்டு வரும் குடும்பத்தார் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அழைத்து வரப்பட்டவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். அவருக்குள் ஓடுவது வேறு கேள்வி: நான் பாவியா? அடிமைப் பழக்கங்களுக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவராக இந்த இரண்டுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நியாய அநியாயம் பேசுவது மருத்துவர் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அப்படி ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை. பழி முழுவதையும் ஆடியவர் தலையில் போட்டுவிட்டால் அவர் சிகிச்சைக்கே வரமாட்டார் என்பதை நான் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு நண்பர்கள் கூடி, போனாலும் பரவாயில்லை என்கிற தொகையை வைத்துச் சீட்டாடுவதை நான் ஒழுக்கக்கேடு என்று சொல்லமாட்டேன். பந்தயம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஓர் அளவோடு எழுந்து போய்விடுகிறார்கள். எழுந்து போக முடியாமல் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று தெரிந்தும், அவர் பணத்திலேயே தொழிலை நடத்துவது இருக்கிறதே, அதுதான் தவறு. கேசினோ என்கிற சூதாட்ட விடுதியும் பந்தயச் செயலியும் ஒழுக்கமானவையா என்கிற கேள்வியை அங்கேதான் கேட்க வேண்டும்.

கணக்கைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். ரோலெட் என்பது, எண்ணும் நிறமும் போட்ட கட்டங்கள் கொண்ட சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். ஐரோப்பிய ரோலெட் சக்கரத்தில் 37 கட்டங்கள். ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால், கட்டிய பணத்தோடு 35 மடங்கு கிடைக்கும். எல்லா எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் கட்டினால் 37 போட்டு 36 எடுப்பீர்கள். அந்த ஒன்று, அதாவது 2.7 விழுக்காடு, நடத்துகிறவருக்கு. இரண்டு பூஜ்யம் கொண்ட அமெரிக்கச் சக்கரத்தில் இது 5.26 விழுக்காடு. ஏதோ பொழுதுபோக்குக்குக் கொடுக்கும் கட்டணம் மாதிரிதான் தெரிகிறது, இல்லையா? ஆனால் இது ஒரு தடவை பிடிக்கும் கட்டணம் இல்லை, ஒவ்வொரு பந்தயத்திலும் பிடிப்பது. ஆயிரத்தோடு உட்கார்ந்தவர், ஜெயித்ததையும் திரும்பத் திரும்பக் கட்டி மொத்தம் முப்பதாயிரம் அளவுக்கு ஆடினால், சராசரியாக 810 போய்விடும். அதனால் ஆளை ஏமாற்ற வேண்டிய அவசியமே கேசினோவுக்குக் கிடையாது. அவரை எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எழுந்திருக்க விடாமல் செய்வது எப்படி என்பதுதான் என் துறையோடு சம்பந்தப்பட்ட பகுதி. எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் பரிசு கொடுப்பதைவிட அந்தப் பழக்கம் பலமாக ஒட்டிக்கொள்ளும். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிய விஷயம் இது. பணத்தைப் போட்டுச் சுழலவிட்டால், படங்கள் பொருந்தும்போது பரிசு தரும் ஸ்லாட் இயந்திரம் இதன் மேல் நிற்கிறது. மூன்று படத்தில் இரண்டு பொருந்தி மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும். அது சுத்தமான தோல்விதான், ஆனால் மூளை அதைக் கிட்டத்தட்ட ஜெயித்ததாக எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை என்று உந்துகிறது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. பல வரிசைகளில் சேர்த்து நூறு கட்டியவருக்கு முப்பது திரும்பி வரும். விளக்கு மின்னும், இசை முழங்கும். எழுபது போனதை அவர் உடம்பு வெற்றியாக அனுபவிக்கிறது. இதெல்லாம் தற்செயலாக அமைந்தது இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து வடிவமைத்தது.

நம் மனதிலும் ஓட்டை இருக்கிறது, மறுக்கவில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் ரோலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் வந்தாக வேண்டும் என்று கூட்டம் சிவப்பில் கொட்டிக் கொட்டிப் பெரும் பணத்தை இழந்தது. பந்துக்கு முந்தின சுற்று ஞாபகம் இருக்காது என்று தெரிந்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள்.

என்னிடம் வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்து, அடையாளங்களை மாற்றி ஒருவராகச் சொல்கிறேன். முதல் வாரத்திலேயே அவர் ஜெயித்திருப்பார். சம்பளத்தில் பாதி அளவுக்கு ஒரே ராத்திரியில். அதன் பிறகு போனது எவ்வளவு என்று கேட்டால் சரியாகச் சொல்ல வராது, ஆனால் அந்த முதல் வெற்றியின் தொகை ரூபாய் மாறாமல் நினைவிருக்கும். பணம் போகப் போக ஆட்டத்தின் காரணமே மாறிவிடும். "ஆசையில ஆடல டாக்டர், விட்டதைப் பிடிச்சிட்டா நிறுத்திடுவேன்" என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் நான் பேனாவை எடுத்துவிடுவேன். விட்டதைப் பிடிக்க ஓடுவது இந்த நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று.

அவர் ஆடாமல் மூன்று வாரம் ஓட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். என் எதிரில் இருக்கும்போதே கைபேசி ஒலிக்கிறது. எடுத்துக் காட்டுகிறார். ரொம்ப நாளாக உங்களைக் காணவில்லை, உங்கள் கணக்கில் இலவசப் பந்தயம் சேர்த்திருக்கிறோம், இன்று இரவு வரை மட்டும். செய்தி அழிக்கப்படாமலே இருக்கிறது; விரல் அதன் மேல் நிற்கிறது. இதே நிறுவனத்தில் பணம் போட ஒரு நொடி போதும், ஜெயித்ததை எடுக்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பெரும்பாலோர் அதையும் கட்டி இழந்துவிடுகிறார்கள். அவர் எத்தனை மணிக்கு ஆடினார், தோற்றவுடன் தொகையை எப்படி இரட்டிப்பாக்கினார் என்ற விவரமெல்லாம் அவர் மனைவிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நடத்துகிறவரிடம் வரி வரியாக இருக்கிறது. நோய் முற்றுவதை எல்லாருக்கும் முன்னால் பார்க்க முடிகிறவர், அதைப் பார்த்துவிட்டு அனுப்பியது போனஸ். இதை வெறும் வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

"விரும்பித்தானே வருகிறார்கள்" என்பார்கள். ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அங்கே ஸ்லாட் போன்ற பந்தய இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 விழுக்காடு, சூதாட்டத்தால் கடும் சிக்கலில் இருக்கும் சிறு கூட்டத்திடமிருந்து வருகிறது. அவர்கள் எல்லாரும் நாளை குணமாகிவிட்டால் அந்தத் தொழில் இன்றைய அளவில் நிற்காது. அரசுகளுக்கும் இது தெரியாமல் இல்லை. மொனாக்கோவில் அந்நாட்டுக் குடிமக்களே கேசினோவில் ஆடக் கூடாது. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அது கிடையாது. சொந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தெரிந்த ஒன்றை ஊரார் பிள்ளைகளுக்குத் திறந்து வைப்பது எந்த நியாயம்? பிரிட்டன் 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டு வைத்துச் சூதாடுவதைத் தடை செய்ததை நான் வரவேற்கிறேன். கடன் வாங்கி ஆடும் வழிகளில் ஒன்றாவது அடைபட்டது.

சரி, வியாதியா? ஆம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இலேயே இது இடம்பெற்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே வகையில் சேர்க்கப்பட்டது. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற சில மருந்துகளின் பக்க விளைவாக, வாழ்நாளில் பந்தயமே கட்டாத சிலர் சூதாட்டத்தில் விழுந்ததும், மருந்தைக் குறைத்ததும் நிறுத்தியதும் அது விட்டுப்போனதும் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. ஒழுக்கம் கெட்டதால்தான் எல்லாரும் ஆடுகிறார்கள் என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும். (அந்த மருந்து எடுப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் தாமாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் பேசுங்கள்.)

அதற்காக அவர் செய்த எல்லாவற்றுக்கும் நோயைக் காரணம் காட்டிவிட முடியாது. மனைவியின் கையெழுத்தைப் போட்டுக் கடன் வாங்கியது, பிள்ளையின் படிப்புப் பணத்தை எடுத்துவிட்டு வங்கிமேல் பழி போட்டது, இதெல்லாம் தவறுதான். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், முடிந்த அளவு சரிசெய்ய வேண்டும். நான் இதைச் சொல்லும்போது பெரும்பாலோர் அழுகிறார்கள். தன்னையே கேவலமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, இன்ன இன்ன செயல் தப்பு என்று பிரித்துச் சொல்வது ஒரு பிடிமானமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாரைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால் இரண்டே கேள்விகள் கேளுங்கள். முன்னைவிட அதிகப் பணம் கட்டினால்தான் ஆட்டம் ருசிக்கிறதா? எவ்வளவு ஆடினோம் என்பதை வேண்டியவர்களிடம் பொய் சொல்லி மறைத்ததுண்டா? மருத்துவர்களும் முதற்கட்டமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றுக்கு ஆம் என்றாலும் விரிவான பரிசோதனை தேவை.

அப்புறம், கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடாதீர்கள். பாசத்தில் செய்கிற இந்தக் காரியம்தான் அடுத்த சுற்றுக்கு வழி செய்கிறது. கடன் பட்டியலை முழுவதும் எழுதச் சொல்லுங்கள். முதல் பட்டியலில் ஏதாவது விடுபட்டிருக்கும், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். சம்பளக் கணக்கை அவர் சம்மதத்தோடு இன்னொருவர் கையில் வைத்து, கடன்காரருக்கு நேரடியாகத் தவணை கட்டுங்கள். வங்கியில் சொல்லிப் பந்தயப் பரிவர்த்தனைகளை முடக்க முடியுமா என்று பாருங்கள். தன்னை விலக்கிவைக்கும்படி நடத்துகிறவரிடமே எழுதிக் கொடுக்கும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. சிங்கப்பூரில் குடும்பத்தாரும் விண்ணப்பித்துத் தடை வாங்கலாம். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்னும் இல்லை. மது அடிமைத்தனத்துக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து சிலருக்கு உதவுகிறது. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சைதான் பிரதானம். 1957இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய சூதாட்ட மீட்புக் குழுக்கள் இன்று பல நாடுகளில் கூடுகின்றன.

தற்கொலை ஆபத்து இந்த நோயில் மிக அதிகம். அதுவும் கடன் வீட்டுக்குத் தெரியவந்த முதல் சில நாட்களில் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பணக்கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.